பன்னிரண்டு பாறைகள், ஒரே எண்

இன்று ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் இளம் தோழர்களே, நீங்கள் பாறைப் பொடியை வில்லையாக அழுத்தி இயந்திரத்துக்குள் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது எண்கள் தாளில் அச்சாகிக் கிடக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த இயந்திரம் கிடைத்திருந்தால் நாங்களும் காபி குடிக்கத்தான் போயிருப்போம். நான் எழுத நினைப்பது எண்கள் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பற்றி. எதிர்பார்த்த எண் வந்தால் யாரும் எதையும் கேட்பதில்லை. எதிர்பாராத எண் வந்தால் எதைச் சந்தேகிப்பது? பாறையையா, நம் கருத்தையா, எண்ணை எழுதிய ஆளையா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை இந்தக் கேள்வி ஒருவருடைய வேலையைப் பறிக்கப் பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூர்க் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓடு வேய்ந்த ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. சுரங்க நிறுவனங்கள் பாறைகளையும் தாதுக்களையும் அனுப்பும். எதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பகுத்துச் சொல்வது எங்கள் தொழில். நான் வேதியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், ஒரு நாளிதழில் சில காலம் மெய்ப்புத் திருத்திவிட்டு வந்தவன். அதனால் பகுப்பு வேலையோடு, வெளியே போகும் அறிக்கைகளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

எனக்குப் பக்கத்து மேசை டீச்சருடையது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்து எங்களிடம் வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். ஆய்வுக்கூடத்தின் ஒரே பெண் பகுப்பாளர். என் வயதுதான் இருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் சம்பளத்தில்தான் அம்மாவும் தம்பி தங்கைகளும் இருந்தார்கள். இதை அவர் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. அவர் போகும் தேவாலயத்துக்கே போகிற மற்றவர்கள் சொன்னார்கள்.

கிழக்கே கடல் தாண்டியிருந்த ஒரு தீவிலிருந்து அந்தப் பாறைகள் வந்தன. கப்பலில் மதராஸ், அங்கிருந்து ரயிலில் பெங்களூர். கோணிப் பைகளைப் பிரித்ததும் கரும்பச்சைக் கற்கள். கையில் எடுத்தால் கனம், தடவினால் வழவழப்பு. பாறை இடிக்கும் முனுசாமி தொம்மலூர்க்காரர். இரும்பு உரலில் முதல் கல்லைப் போட்டு இரண்டு குத்துக் குத்தியதும் நிமிர்ந்தார்.

“இன்னா டீச்சர் இது, கல்லா சோப்பா? உலக்கை நிக்காம வழுக்கிக்கினு போவுது.”

“குளிச்சுப் பாருங்க முனுசாமி, அப்ப தெரிஞ்சிடும்,” என்றார் டீச்சர்.

கற்களை அனுப்பியவர் ஒரு சுரங்க நிறுவனத்தின் புவியியலாளர். சேலத்துக்காரர். மலை ஏறி ஏறி முழங்கால் தேய்ந்த மனிதர். அவர் சொல்லைத் துறையில் எல்லாரும் மதித்தார்கள். அந்தத் தீவில் ஓர் ஓடையோரம் மூன்று இடங்களில் குரோமைட்டைக் கண்டிருந்தார். எஃகுக்கும் உலைச் செங்கல்லுக்கும் வேண்டிய கறுப்புத் தாது அது. மூன்று இடங்களையும் வரைபடத்தில் ஒரே கோட்டால் இணைத்திருந்தார்.

அவருடைய கருத்து இதுதான். ஒரு காலத்தில் அங்கே பூமிக்குள் பெரிய அண்டா போல ஒரு குழியில் உருகிய பாறை தேங்கியிருந்தது. அது மெல்ல ஆறும்போது கனமான படிகங்கள் முதலில் அடியில் படிந்தன, அவற்றின் மேல் அடுத்தவை. குரோமைட்டும் அப்படிப் படிந்த ஓர் அடுக்கு. அடுக்கு என்றால் அது மலைக்குள் விரித்த பாய்போலத் தொடர்ந்து ஓடும். நம்பிச் சுரங்கம் இறக்கலாம். நிறுவனம் சுரங்கத்துக்கு ஆள் திரட்டவும் தொடங்கிவிட்டது. ஆனால் இயக்குநர்கள் ஒரு சான்று கேட்டார்கள். அதற்காக ஓடையிலிருந்து உச்சி வரை வரிசையாகப் பன்னிரண்டு கற்களை எடுத்து அனுப்பியிருந்தார். அவர் கருத்து சரியென்றால் அடியில் உள்ள கல்லில் மெக்னீசியம் அதிகமாக இருக்கும். மேலே போகப் போக அது குறைந்து இரும்பு கூடும். எண்கள் படிக்கட்டுப்போல அமையும்.

டீச்சர் பன்னிரண்டையும் முடித்தார். படிக்கட்டு இல்லை. எண்கள் தரைபோலச் சமமாகக் கிடந்தன.

அட்டவணையைத் தபாலில் அனுப்பினோம். பதில் தபாலில் வரவில்லை, அவரே வந்துவிட்டார். பெட்டியைக்கூட எங்கும் வைக்காமல் நேராக எங்கள் ஹாலுக்குள் வந்து நின்றார்.

“யாரு இதைப் பண்ணது?”

“நான்தான் சார்.” டீச்சர் எழுந்தார்.

“ஓடையில இருந்து உச்சி வரைக்கும் அட்டைக்கடில நடந்து எடுத்த கல்லும்மா இது. பன்னெண்டும் ஒண்ணுன்றீங்க.”

“ஒண்ணாத்தான் சார் இருக்கு.”

“ஒரு கல்லைப் பண்ணிட்டு மீதிப் பதினொண்ணை உக்காந்து எழுதிட்டீங்களா?”

ஹாலில் எல்லார் கையும் நின்றது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு கிடையாது. எடை தவறலாம், அமிலம் சிந்தலாம், மன்னிப்பு உண்டு. ஒரு துளி அமிலமும் தொடாமல் எண்ணை எழுதியவர் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்த ஆய்வுக்கூடமும் உள்ளே விடாது. நிரந்தரமாகாத ஆளுக்கு விசாரணைகூடத் தேவையில்லை.

அவருடைய சந்தேகம் முட்டாள்தனமானது அல்ல. நாளிதழில் இரண்டு ஊர் நிருபர்களின் செய்தி வரிக்கு வரி ஒன்றாக வந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றுதான் நாங்களும் எடுத்துக்கொள்வோம். ஆனால் நான் பக்கத்து மேசைக்காரன். பன்னிரண்டு கல்லும் தனித்தனியாகக் கரைந்ததைப் பார்த்தவன். அதைச் சொன்னேன்.

“நீங்க இவங்க பக்கத்து டேபிள். நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றார் அவர்.

எங்கள் தலைவர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். மூன்று பேரையும் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சண்டையை வளர்க்க அவருக்கு விருப்பமில்லை. அட்டவணையை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“நோடம்மா, கடைசிக் கல்லுல இரும்பு கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு. மேலே போகப் போக லேசா ஏறுதுன்னு ஒரு லைன் ரிப்போர்ட்ல போட்டுடலாம். பொய்யும் இல்ல. அவருக்கும் சமாதானம், உங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

அந்த வரியை எழுத வேண்டியவன் நான். எழுதியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். புவியியலாளரும் தாளைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேண்டிய படிக்கட்டு அதில் ஒரு மயிரிழை அளவுக்குத் தெரிந்தது.

டீச்சர் தலையசைத்தார். “அது ஏறல சார். அதே கல்லை நானே திரும்பப் பண்ணினாக்கூட அவ்வளவு வித்தியாசம் வரும். அது என் கை நடுக்கம். அதைக் கொண்டுபோய்ப் பாறை மேல ஏத்தக் கூடாது.”

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேலை போகும் நிலையில் இருக்கிற ஒருவருக்குத் தலைவரே ஒரு வழியைத் திறந்து காட்டுகிறார். அந்த வழியில் போனால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. தன் கையின் பிழை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தவர்தான் அதை மறுக்க முடியும். பின்னாளில் எத்தனையோ அறிக்கைகளில் ‘லேசாக ஏறுகிறது’ என்ற சொற்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், ஏறுவது எது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

தலைவர் அடுத்த வழியைச் சொன்னார். இயக்குநர்கள் கூடுவதற்குள் பன்னிரண்டையும் திரும்பச் செய்ய நேரமில்லை. அவற்றில் இரண்டை என்னிடம் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அதையும் டீச்சர் ஏற்கவில்லை.

“இவர் பண்ணினாலும் அதேதான் வரும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிட்டோம்னு பேச்சு வரும் சார்.” பிறகு புவியியலாளரைப் பார்த்துத் திரும்பினார். “சார், உங்க கணக்குப்படி எந்த ரெண்டு கல்லு கொஞ்சம்கூட ஒத்துப்போகக் கூடாது?”

“அடியில, ஓடையோரம் இருக்கிறது ஒண்ணு. உச்சியில இருக்கிறது ஒண்ணு.”

“அந்த ரெண்டு இடத்துக் கல்லு, இங்க வராத துண்டு, உங்ககிட்ட இருக்கா?”

“என் பெட்டியில இருக்கு.”

“நீங்களே இடிச்சுப் பொடி பண்ணிக் குடுங்க. எது எதுன்னு சொல்ல வேணாம். கூட மூணாவதா ஒண்ணு வைங்க, அது உங்க இஷ்டம். நான் உக்காந்து எழுதுறவளா இருந்தா மூணையும் ஒண்ணாத்தான் எழுதுவேன். பக்கத்துலயே இருந்து பாருங்க.”

“அடியும் உச்சியும் வேற வேறயா வந்துட்டா?”

“நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

“சும்னே இரம்மா!” என்று தலைவர் அதட்டினார். ஆனால் மறுக்கவில்லை.

நம்மில் யாராக இருந்தாலும் அதே கற்களைத் திரும்பச் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருப்போம். அதனால் எதுவும் நிரூபணமாகியிருக்காது. பார்த்து எழுதத் தெரிந்தவருக்குத் திரும்பவும் பார்த்து எழுதத் தெரியும். பொய்யும் உண்மையும் எந்த இடத்தில் பிரியும் என்று பார்த்து, அங்கே தன் வேலையைப் பணயமாக வைத்தார் டீச்சர். கோபத்தோடு இருக்கும்போது இப்படி யோசிப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் ஒரு நாள் தெரிந்துகொள்வீர்கள்.

புவியியலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உரலில் இடித்தார். முனுசாமி பீடியைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “சாரே உலக்கை புடிச்சுட்டாரு. நான் நாளையிலேர்ந்து மலை ஏறணுமா?” மூன்று குப்பிகளில் ஏறக்குறைய ஒரே சாம்பல் பச்சைப் பொடி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதபடி மூன்றாவது கல்லைத் தேர்ந்தெடுத்திருந்தார். எது எதென்று தன் நோட்டில் குறித்துக்கொண்டு, குப்பிகளின் மேல் தனக்குத் தோன்றிய வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எழுதினார்.

பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு டீச்சரின் மேசையருகே உட்கார்ந்துகொண்டார்.

“பாடம் எப்ப டீச்சர் ஆரம்பம்?”

“முதல் பெஞ்சு மாணவர் பேசக் கூடாது சார்.”

செய்முறை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் குப்பியின் கரைசல் வற்றிக்கொண்டிருந்தபோது கிண்ணத்திலிருந்து ஒரு துளி தெறித்து வெளியே விழுந்தது. டீச்சர் அடுப்பை அணைத்து, கிண்ணத்தில் இருந்ததை அப்படியே தொட்டியில் கொட்டினார். பல நாள் வேலை அது. கெடுவுக்கு மிகக் கொஞ்ச நாளே மிச்சம்.

“ஒரு சொட்டுதானேம்மா?” புவியியலாளர் பதறிவிட்டார்.

“அந்தச் சொட்டுல எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு அவருடைய கிண்டல் நின்றது. டீச்சர் புதிதாக எடை போட உட்கார்ந்தபோது, தராசில் காற்று படாமல் இருக்க எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியவர் அவர்தான். சந்தேகம் அங்கேயே விலகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவரும் டீச்சரும் சோதனையைப் பாதியில் நிறுத்தவில்லை. ஆளைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தாலும் பாறையைப் பற்றிய கேள்வி அப்படியே இருந்தது.

நிக்கல் பார்க்கும் கட்டம் வந்தது. நிக்கல் இருந்தால் கரைசல் செம்பருத்திச் சிவப்பாகத் திரளும். முதல் குடுவை சிவந்தது. இரண்டாவதும் அதே அளவு சிவந்தது. மூன்றாவதில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஓர் இளஞ்சாயல், அவ்வளவுதான். மூன்று குடுவைகளும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நின்றன. அந்த ஹாலில் ஒவ்வொருவராக ஏதோ ஒரு சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்ததும் தலைவரின் அறையில் டீச்சர் எண்களைப் படித்தார். ஒன்றாம் குப்பியும் இரண்டாம் குப்பியும் மெக்னீசியத்திலும் இரும்பிலும் நிக்கலிலும் ஒரே மாதிரி. முன்பு செய்த பன்னிரண்டோடும் ஒத்துப்போயின. மூன்றாவது எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒன்றும் இரண்டும்தான் அடியும் உச்சியும் என்று புவியியலாளர் ஒப்புக்கொண்டார்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். “ஆயித்து. முடிஞ்சுது.”

புவியியலாளர் எழவில்லை. “இருங்க சார். டீச்சர், முதல் ரெண்டுலயும் சுண்ணாம்பு எவ்வளவு?”

“இல்லன்னே சொல்லலாம் சார்.”

“அலுமினா? சோடா?”

“அதுவும் அப்படித்தான்.”

“மூணாவதுல?”

“ரெண்டுலயும் இல்லாததெல்லாம் அதுலதான் சார் இருக்கு. யாரோ பிழிஞ்சு எடுத்து அதுல ஊத்தின மாதிரி.”

புவியியலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாவது அதே தீவின் கடலோரத்தில் எடுத்த கறுப்பு எரிமலைப் பாறை. கடலுக்கடியில் வழிந்து, தண்ணீர் பட்டதும் தலையணை தலையணையாக உறைந்தது. டீச்சரைச் சிக்க வைப்பதற்காக, அதே தீவின் கல் என்பதால் வைத்தது.

“பிழிஞ்ச மாதிரி,” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு தலைவரிடம், “சார், ஆலையில கரும்புச் சக்கை கிடக்கும் பாத்திருக்கீங்களா? அதுல அடிக்கரும்புச் சக்கை எது, நுனிக்கரும்புச் சக்கை எதுன்னு யாராலயாவது சொல்ல முடியுமா?”

தலைவருக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

புவியியலாளர் விளக்கினார். அங்கே அண்டாவும் இல்லை, அடுக்கும் இல்லை. கடலின் தரைக்கும் அடியில், மிக ஆழத்தில், பாறை முழுவதாக உருகாமல் கொஞ்சமாக வியர்த்திருக்கிறது. எளிதில் உருகும் சுண்ணாம்பும் அலுமினாவும் சோடாவும் அந்தச் சாற்றோடு போய்விட்டன. சாறு மேலே ஏறிக் கடல் தரையில் கறுப்புப் பாறையாக உறைந்தது. மிஞ்சிய சக்கைதான் பச்சைக் கல். சக்கை எங்கே எடுத்தாலும் சக்கைதான். பன்னிரண்டும் ஒன்றாக இருந்ததற்கு அதுவே காரணம். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் சிலர் இப்படி எழுதியிருந்ததைப் படித்து, நடக்கிற காரியமா என்று ஒதுக்கி வைத்தவர் அவர்.

“சரி, கடலுக்கு அடியில கிடந்தது மலை உச்சிக்கு எப்படி வந்துச்சு?” என்றார் தலைவர்.

“தெரியாது சார். எனக்கும் தெரியாது, அதை எழுதினவங்களுக்கும் தெரியாது.”

அந்தப் பதிலுக்காகவே புவியியலாளர் மேல் எனக்கு மரியாதை கூடியது. கடல் தரைகள் நகர்கின்றன, மோதும் இடங்களில் அவற்றின் ஒரு துண்டு கரைமேல் ஏறிவிடும் என்பதெல்லாம் பாடமானது பல வருஷம் கழித்துத்தான். அப்படிக் கரையேறிய துண்டைக் குறிக்கும் ஓபியோலைட் என்ற சொல்லை நீங்கள் கல்லூரியின் முதல் பாடத்திலேயே படித்துவிடுகிறீர்கள். அன்று அந்த அறையில் அவருக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு தன் வரைபடத்தை எடுத்து விரித்தார்.

“சக்கைக்குள்ள குரோமைட் பாய் மாதிரி ஓடாது. பொங்கல்ல முந்திரி மாதிரி அங்கங்க கிடக்கும். நான் பாத்தது மூணு முந்திரி. நடுவுல இருக்கிற கோடு என் பேனா போட்டது.” சுரங்கம் வேண்டாம், வெளியே தெரிவதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இயக்குநர்களிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். சுரங்கம் வேண்டும் என்று அவர்களை நம்ப வைத்தவரும் அவர்தான்.

பிறகு எழுந்து டீச்சர் முன் நின்றார். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சுக்குங்க.”

“இங்க சொன்னாப் பத்தாது சார்,” என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. “ஹால்ல சொன்னீங்க. ஹால்லயே சொல்லுங்க.”

நாளிதழில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தவறு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரும், அதற்கான திருத்தம் உள்ளே எங்கோ ஒரு மூலையில் வரும். தவறு வந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஒருவரை நான் அப்போதுதான் பார்த்தேன். கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்த ஒருவரையும்.

அவர் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அன்னைக்கு இவங்க உக்காந்து எழுதிட்டாங்கன்னு சொன்னேன். தப்பு. பன்னெண்டும் ஒண்ணுதான். நான்தான் இல்லாத படிக்கட்டைத் தேடினேன்.”

முனுசாமி இடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். தலைவர் முன்னால் வந்து நின்றார். “இனிமே டீச்சர் குடுக்கிற நம்பரை யாரும் சோதிக்க வேண்டாம். நிரந்தரம் பண்ண ஆர்டர் நாளைக்கே போடறேன்.”

“ஆர்டரைப் போடுங்க சார்,” என்றார் டீச்சர். “ஆனா சோதிக்க வேணாம்னு சொல்லாதீங்க.” புவியியலாளர் பக்கம் திரும்பினார். “சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல சார். இனிமேலும் படுங்க. முதல்ல சோதிங்க, அப்புறம் சொல்லுங்க.”

“நாளைக்குப் போர்டுல எனக்கும் இதையேதான் சொல்லப் போறாங்க,” என்று சொல்லிச் சிரித்தார் அவர். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இயக்குநர்களைப் பார்க்க ரயிலுக்குப் புறப்பட்டார்.